சேனாபதி பாபட் ரோடும் ஓர் ஏரிக்கரை சைக்கிள் பாதையும்

புனேயில் சேனாபதி பாபட் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு அது எஸ்.பி. ரோடு. இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த புதிதில் மூன்று வருஷம் அந்த ரோட்டில் இருந்த கிளையில்தான் ஆணி பிடுங்கினேன். அதற்கு முன்னால் நாலு வருஷம் மும்பையில், லோயர் பரேல் பக்கம். அங்கே ஸ்டேஷனிலிருந்து ஆபீசுக்கு நடந்து போன சாலையின் பெயர் சேனாபதி பாபட் மார்க். ஆக மொத்தம் ஏழு வருஷம் ஒரே மனிதரின் பெயரை முகவரியில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவர் யார் என்று ஒரு நாள்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

சேனாபதி என்றால் சிவாஜி மகாராஜாவின் படைத்தளபதிகளில் ஒருவராக இருப்பார் என்று நானாக முடிவு கட்டி வைத்திருந்தேன். மகள் ஏழாவது படிக்கும்போது ஏதோ ப்ராஜெக்டுக்காகக் கேட்டாள். அதையே சொல்லி அனுப்பினேன். டீச்சர் சிவப்பு மையில் சுழித்து அனுப்பியிருந்தார். "அப்பாகிட்ட இனிமே பேங்க் சம்பந்தமா மட்டும் கேளு" என்று தங்கமணி தீர்ப்பு சொல்லிவிட்டார்.

அவர் யார் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது புத்தகம் இல்லை, சைக்கிள். அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்தைந்து வயதில் டாக்டர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "உட்கார்ந்தே வேலையா?" என்றார். பி.காம் முடித்த நாளிலிருந்து உட்கார்ந்தேதான் என்றேன். நடங்கள், இல்லாவிட்டால் சைக்கிள் ஓட்டுங்கள் என்றார். புனே ஒரு காலத்தில் சைக்கிள் ஊர் என்று பெயர் வாங்கியது. இன்றைக்கு அந்த ஊரில் சைக்கிள் ஓட்ட உயிர்க்காப்பீடு வேண்டும். அதனால் பக்கத்து பிளாட் நண்பர் ஒருவர் (நம்மூர்க்காரர்தான், மதுரை) யோசனை சொன்னார்: "சார், ஊருக்குள்ள ஓட்டாதீங்க. சைக்கிளை கார் மேல கட்டிக்கிட்டு முல்ஷி போயிடலாம். ஏரியைச் சுத்தி ஓட்டலாம். ஒரு வண்டி வராது."

புனேயிலிருந்து மேற்கே சாந்தனி சௌக், பிரங்குட், பௌட் என்று போனால் முல்ஷி. நாற்பது சொச்சம் கிலோமீட்டர். ஏரியின் தென்கரை வழியாகப் போகிற பெரிய ரோடு தாம்ஹிணி மலைப்பாதை இறங்கிக் கொங்கணத்துக்குப் போகிறது. மழைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கார்கள் ஊர்வலம் போகும். சுட்ட மக்காச்சோளம், மேகி, அருவியில் நனைந்தபடி ஆட்டம். அந்தப் பக்கத்தை விட்டு எதிர்க்கரைப் பக்கம் திரும்பிவிட வேண்டும். அணையின் மேல் போகமுடியாது, அது தனியார் நிறுவனத்தின் சொத்து, அனுமதி கிடையாது. சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும்.

எதிர்க்கரையில் கொஞ்ச தூரம் தார் இருக்கும். திடீரென்று இருக்காது. செம்மண்ணும் சரளைக்கல்லும் கலந்த பாதை ஏரியின் ஓரமாகவே வளைந்து வளைந்து போகும். ஏரி ஒரு வட்டம் கிடையாது. கையை விரித்து வைத்ததுபோல மலை இடுக்குகளுக்குள் எல்லாம் தண்ணீர் புகுந்து நிற்கும். அதனால் நேராகப் பார்த்தால் அரை கிலோமீட்டரில் தெரிகிற இடத்துக்குப் போக, பாதை அந்த விரலைச் சுற்றி வந்து ஐந்து கிலோமீட்டர் ஆக்கிவிடும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காடு, தூரத்தில் கைலாஸ்கட் என்ற சின்ன மலைக்கோட்டை. எதிரே வந்தவை இரண்டு எருமை, ஒரு பால்கேன் கட்டிய பைக், அவ்வளவுதான். சக்கரத்துக்கு அடியில் கல் நெரிகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. எனக்குச் சொர்க்கம் என்றால் இதுதான் என்று நினைத்தேன்.

மூன்றாவது ஞாயிறோ நாலாவது ஞாயிறோ, மே மாதக் கடைசி. தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. ஓரிடத்தில் பாதையிலிருந்து ஒரு கிளை பிரிந்து சரிவில் இறங்கியது. அகலமான, இருபுறமும் கல் அடுக்கிய பழைய பாதை. மாட்டுவண்டி போகிற அளவு. இறங்கி ஓட்டினேன். அது நேராகத் தண்ணீருக்குள் போய்விட்டது. குளிக்கும் துறை இல்லை, படகுத்துறை இல்லை. ஒரு ஊருக்குப் போகிற தோரணையில் போய், அப்படியே தண்ணீருக்கு அடியில் தொடர்ந்து போகிறது. பக்கத்தில் சேற்றுச் சரிவில் படிப்படியாகக் கோடுகள். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவனுக்கு வரப்பைப் பார்த்தால் தெரியாதா? வயல் வரப்பு.

மேலே ஒரு தகரக்கொட்டகை டீக்கடை. எண்பது வயது இருக்கும் ஒரு பாட்டி. மராத்தியில் பாட்டியை ஆஜி என்பார்கள். என் அரைகுறை மராத்தியில் "ஆஜி, அந்த ரோடு எங்கே போகிறது?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அது என் மாமனார் பிறந்த ஊருக்குப் போகிற வழி" என்றார். டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு, "இந்தத் தண்ணியிலே பம்பாய்க்கு விளக்கு எரிஞ்சுது. நான் கல்யாணமாகி வந்தப்போ இங்கே சிம்னி விளக்குதான்" என்றார். அப்புறம் பேச்சுவாக்கில், "சேனாபதி இங்கேதான் உட்கார்ந்தார்" என்றார்.

எந்த சேனாபதி என்று கேட்டேன். பாபட் என்றார்.

வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தவன் இன்றுவரை நிறுத்தவில்லை. படித்துத் தெரிந்துகொண்டதைச் சுருக்கிச் சொல்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாயின் பருத்தி மில்கள் நிலக்கரியில் ஓடின. கரி தொலைவிலிருந்து ரயிலிலும் கப்பலிலும் வரவேண்டும். ஊரெல்லாம் புகை. ஆனால் பம்பாய்க்குப் பின்னாலேயே சஹ்யாத்ரி மலை நிற்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே கொட்டுகிற மழைக்குக் கணக்கே கிடையாது. அந்தத் தண்ணீரைத் தேக்கி மின்சாரம் எடுக்கலாம் என்பது ஜம்ஷெட்ஜி டாடாவின் கனவு. அவர் 1904-ல் காலமானார். அவர் பிள்ளைகள் காலத்தில், 1910-ல் டாடா நீர்மின் நிறுவனம் தொடங்கப்பட்டது. லோனாவளா பக்கத்து ஏரிகளின் தண்ணீரில் கோபோலி மின்நிலையம் 1915-ல் ஓட ஆரம்பித்தது. அடுத்தது ஆந்திரா பள்ளத்தாக்குத் திட்டம் (நம்ம ஆந்திரா இல்லை, அந்தப் பெயரில் அங்கே ஒரு சின்ன ஆறு), பிவ்புரி மின்நிலையம், 1922. மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது, முல்ஷி. அதற்காக 1919-ல் டாடா பவர் கம்பெனி உருவானது.

இதில் உள்ள பொறியியல் அழகானது, அதை மறைக்கக்கூடாது. முல்ஷி இருப்பது தக்காண மேட்டின் மேற்கு விளிம்பில். நீலா, முளா என்ற இரண்டு ஆறுகள் அங்கே சேருகின்றன. இயற்கையாக விட்டால் அந்தத் தண்ணீர் கிழக்கே போகும். புனே வழியாகப் பீமாவில் சேர்ந்து, பீமா கிருஷ்ணாவில் சேர்ந்து, கடைசியில் வங்காள விரிகுடா. அதே தண்ணீரைத் தேக்கி மேற்குப் பக்கம் திருப்பிவிட்டால், மலை விளிம்பிலிருந்து சுமார் 500 மீட்டர் கீழே கொங்கணத்துப் பிரா என்ற ஊருக்குக் குழாயில் இறங்கும். அவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிற தண்ணீர் கொஞ்சமாக இருந்தாலும் பெரிய சக்கரத்தைச் சுற்றும். சுற்றி முடித்த தண்ணீர் குண்டலிகா ஆற்றில் விழுந்து அரபிக்கடலுக்குப் போகும். ஒரு ஆற்றின் முகத்தைப் பிடித்து எதிர்த்திசைக்குத் திருப்புகிற வேலை.

ஆனால் தேக்குகிற இடம் காலி மனை இல்லையே. அந்தப் பள்ளத்தாக்கில் ஐம்பது சொச்சம் கிராமங்கள் இருந்தன. அங்கே இருந்தவர்கள் மாவளர்கள். சிவாஜியின் ஆரம்பகாலப் படையில் இருந்தவர்கள் இவர்களுடைய முன்னோர்தான். பள்ளத்தாக்கின் அடிவாரத்தில் நெல். ஆம்பேமோஹர் என்ற அரிசியின் சீமை அது. ஆம்பா என்றால் மா, மோஹர் என்றால் பூ. சோறு வேகும்போது மாம்பூ வாசம் அடிக்கும். நம் வீடுகளில் பலபேர் சர்க்கரைப் பொங்கலுக்கு இந்த அரிசியைத்தான் இங்கே வாங்குகிறோம், குழையக் குழைய வேகும் என்பதால். அந்த நெல் விளைந்த வண்டல் நிலம்தான் முதலில் மூழ்க வேண்டிய நிலம். மேட்டில் இருந்தது வெறும் பாறைச் சரிவு.

கம்பெனி ஆட்கள் முன் அனுமதி இல்லாமலேயே வயல்களில் சோதனைக்குழி தோண்ட ஆரம்பித்தார்கள். எதிர்த்துக் கேட்ட ஒரு விவசாயியை வெள்ளைக்கார என்ஜினியர் கைத்துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார் என்று ஒரு செய்தி பரவியது. செய்தி புனேக்கு வந்தது. அரசு 1894-ஆம் வருஷத்து நிலம் கையகப்படுத்தும் சட்டத்தைக் கையில் எடுத்தது. பொது நன்மைக்கு என்று சொல்லி, ஒரு கம்பெனிக்காகவும் நிலத்தை எடுத்துக்கொடுக்க அந்தச் சட்டத்தில் இடம் இருந்தது. (பேங்கில் சேருகிற காலத்தில் அந்தச் சட்டத்தைப் பரீட்சைக்காகப் படித்திருக்கிறேன். அதன் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று பரீட்சையில் கேட்கவில்லை.)

1921 ஏப்ரல் 16, ராமநவமி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாவளர்கள் அணை வேலை நடக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் வந்தார்கள். 'ஜான் கிம்வா ஜமீன்' என்பது அவர்கள் முழக்கம். உயிர் அல்லது நிலம். வேலை நின்றது. சில மாதம் நிறுத்திவைக்கக் கம்பெனியும் ஒப்புக்கொண்டது. காந்தி அதே மாதம் 'யங் இந்தியா'வில் இதைப் பற்றி எழுதினார். சட்ட உரிமையைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், அந்த மக்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யும்படி டாடா குடும்பத்தைக் கேட்டுக்கொண்டார்.

காந்திக்கு அது எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும் என்பது நமக்குப் புரியவேண்டும். தென்னாப்பிரிக்காவில் அவர் நடத்திய சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். தில்லையாடி வள்ளியம்மை போல உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. அந்தப் போராட்டத்துக்குக் கையில் காசில்லாமல் தவித்தபோது 1909-ல் 25,000 ரூபாய் அனுப்பியவர் ஜம்ஷெட்ஜியின் இளைய மகன் சர் ரத்தன் டாடா. பிறகும் அனுப்பினார். அன்றைக்கு நம் ஆட்களுக்கு உதவிய அதே குடும்பத்தின் கம்பெனிக்கு எதிரே பன்னிரண்டு வருஷம் கழித்து இன்னொரு சத்தியாகிரகம். யாரும் முழு நல்லவர், யாரும் முழு வில்லன் என்று எழுத முடியாத கதை இது. பம்பாய்க்கு மின்சாரம் தேவைப்பட்டது உண்மை. மாவளர்களுக்கு வேறு நிலம் இல்லை என்பதும் உண்மை.

இந்தப் போராட்டத்தை முன்னால் நின்று நடத்தியவர்தான் பாண்டுரங்க மகாதேவ் பாபட். 1880-ல் பார்னேரில் பிறந்தவர். என்ஜினியரிங் படிக்க உதவித்தொகையில் எடின்பரோ போனவர். அங்கே ஆங்கில ஆட்சிக்கு எதிராகப் பேசி உதவித்தொகையை இழந்தார். பாரிசுக்குப் போய் ரஷ்யப் புரட்சிக்காரர்களிடம் வெடிகுண்டு செய்யும் முறையைக் கற்றுக்கொண்டு திரும்பினார். வங்காளத்தில் அலிப்பூர் வழக்கு வந்தபோது தலைமறைவானார். பிற்பாடு திலகரின் 'மராட்டா' பத்திரிகையில் வேலை பார்த்தார். முல்ஷியில் நின்றபிறகுதான் ஜனங்கள் அவரைச் சேனாபதி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சிவாஜியின் தளபதி இல்லை. ஆனால் சிவாஜியின் பழைய படைக்காரர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத் தளபதி. மகளிடம் நான் சொன்ன பதிலுக்குப் பாதி மார்க்காவது போட்டிருக்கலாம்.

1921 கடைசியில் வேலை மறுபடி தொடங்கியது. இந்த முறை போலீஸ் காவலோடு. பாபட், விநாயக் புஸ்குட்டே போன்ற தலைவர்களும் தொண்டர்களும், பெண்கள் உட்பட, வரிசையாகச் சிறைக்குப் போனார்கள். 1922 பிப்ரவரியில் சௌரி சௌரா நடந்து, காந்தி ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார். மார்ச்சில் அவரும் கைதானார். நாட்டின் கவனம் முல்ஷியைவிட்டு நகர்ந்துவிட்டது.

ஆனால் போராட்டம் தோற்றதற்குக் காரணம் அது மட்டும் இல்லை. என் தொழில் சம்பந்தப்பட்ட காரணம் ஒன்று இருக்கிறது. அதைப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ராஜேந்திர வோரா என்ற புனே பேராசிரியர் இந்த இயக்கத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். உலகின் முதல் அணை எதிர்ப்பு இயக்கம் என்பது 2009-ல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூலின் தலைப்பு. அவர் காட்டுகிற விஷயம் இது. அந்தப் பள்ளத்தாக்கின் நிலங்களில் நிறைய அடமானத்தில் இருந்தன. வட்டிக்குக் கொடுத்தவர்கள் புனே நகரத்துச் சாகுகார்கள்.

இப்போது இதைப் பேங்க்காரன் கண்ணால் பாருங்கள். உழுகிறவனுக்கு நிலம்தான் எல்லாம். அதைவிட்டால் பிழைப்பில்லை. ஆனால் அடமானம் பிடித்தவனுக்கு நிலம் வேண்டாம், அசலும் வட்டியும் வந்தால் போதும். பள்ளத்தாக்கில் கொடுத்த கடன் எப்போது திரும்பும் என்று தெரியாமல் தவித்தவனுக்கு, அரசு முத்திரையோடு நஷ்டஈடு வருகிறது என்றால் அதுதானே லாட்டரி! சட்டப்படி நஷ்டஈட்டுப் பணம் அந்த நிலத்தில் 'உரிமை உள்ளவர்கள்' எல்லோருக்கும் பிரியும். கடன் கொடுத்தவனும் உரிமை உள்ளவன்தான். ஆக, வெளியிலிருந்து பார்க்க எல்லோரும் ஒரே கட்சி மாதிரி இருந்தாலும், உள்ளே இரண்டு கணக்கு ஓடியது. ஒரு கணக்கு 'நிலம் போகக்கூடாது' என்றது. இன்னொரு கணக்கு 'நல்ல விலை கிடைத்தால் போகட்டும்' என்றது. இரண்டாவது கணக்குக்காரர்களுக்குத்தான் நகரத்தில் செல்வாக்கு. நஷ்டஈட்டுத் தொகை பேசப்பட ஆரம்பித்ததும் கூட்டம் கரைந்தது.

1924 டிசம்பரில் பாபட் அகிம்சையின் எல்லையைத் தாண்டினார். சில தோழர்களோடு, அணை வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ரயிலை ஆயுதத்தோடு மறித்தார். அவருக்கு ஏழு வருஷம் சிறை. வெளியே வந்தது 1931-ல். அதற்குள் அணை கட்டி முடிந்து, தண்ணீர் நிரம்பி, 1927-ல் பிரா மின்நிலையம் ஓட ஆரம்பித்துவிட்டது. மாவளர்கள் மேட்டுக்கு ஏறினார்கள். பலர் வேறு ஊர்களுக்குப் போனார்கள். நிறையப் பேர் தண்ணீர் விளிம்பிலேயே, பாறைச் சரிவிலேயே குடிசை போட்டார்கள். புது ஊர்களுக்கு நடுவே நடந்து நடந்து விழுந்த தடங்களில் சிலவற்றில்தான் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஏன் ஒரு வண்டியும் வருவதில்லை என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்தப் பாதைகள் போகவேண்டிய ஊர்கள் தண்ணீருக்குள் இருக்கின்றன.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். சின்ன வயதில் அப்பாவோடு மேட்டூருக்குப் போனபோது, தண்ணீர் இறங்கிய ஒரு கோடையில் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் மாதா கோயில் கோபுரமும் வெளியே தெரிந்தன. எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள், நானும் பார்த்தேன். மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. அந்தக் காவிரித் தண்ணீரில் விளைந்த நெல்லில்தான் எங்கள் குடும்பம் வளர்ந்தது. என் அப்பா அந்த நந்தியைப் பார்த்துக் கும்பிட்டார். சாமி என்பதால் கும்பிட்டார் என்று அப்போது நினைத்தேன். இப்போது வேறு மாதிரியும் தோன்றுகிறது. அவர் இல்லை, கேட்க முடியாது.

பாபட் அதற்கப்புறமும் சும்மா இருக்கவில்லை. திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். கையில் துடைப்பத்தோடு தெருவைக் கூட்டுவதை ஒரு விரதமாகவே வைத்திருந்தார். 1947 ஆகஸ்ட் 15 அன்று புனேயில் தேசியக் கொடி ஏற்றும் கௌரவம் அவருக்குக் கிடைத்தது. 1967 நவம்பரில் காலமானார். மும்பையில் அவர் பெயர் வைத்த சாலைக்கு முந்தைய பெயர் துளசி பைப் ரோடு. துளசி ஏரியிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த குழாய் அந்த வழியாக வந்ததால் அந்தப் பெயர். அதே சாலையின் ஓரத்தில்தான் வரிசையாக மில்கள் நின்றன. நகரத்துக்காக ஏரி கட்டுவதை எதிர்த்தவர் பெயர், ஏரிக் குழாய் வந்த சாலைக்கு! வேண்டுமென்றே வைத்தார்களா, தற்செயலா, எனக்குத் தெரிந்தவரை யாரும் கவனித்ததாகவே தெரியவில்லை. நானும் நாலு வருஷம் அதில் வடா பாவ் சாப்பிட்டுக்கொண்டு நடந்தவன்தானே.

இன்று மில்கள் மூடிவிட்டன. அந்த இடங்களில் மால்களும் கண்ணாடிக் கட்டடங்களும் நிற்கின்றன. பிரா மின்நிலையம் இன்னும் ஓடுகிறது. பிற்பாடு சேர்த்த இயந்திரத்தோடு அதன் திறன் 300 மெகாவாட். பிராவில் காலையில் தண்ணீர் திறந்துவிட்டால்தான் கீழே கோலாட்டில் ரப்பர் படகு விளையாட்டு. நம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் நனைந்துவிட்டு வருகிறோமே, அந்தத் தண்ணீர் முல்ஷித் தண்ணீர்தான்.

முல்ஷி நமக்குத் தூரத்து ஊர் என்றும் நினைக்கவேண்டாம். இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பாதிப்பேருக்குச் சம்பளம் போடுகிற ஹிஞ்சவடி ஐ.டி. பூங்கா இருப்பது முல்ஷி தாலுகாவில். அதே தாலுகாவில் நிலத்தை விற்ற பணம் கையில் நிற்காமல் சீரழிந்த விவசாயப் பிள்ளைகளின் கதைதான் 2018-ல் வந்த 'முல்ஷி பேட்டர்ன்' என்ற மராத்திப் படம். முதலில் தண்ணீர் வந்தது, பிறகு நாம் வந்தோம்.

கடைசியாக ஒன்று சொல்லவேண்டும். சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

இப்போது நான் இருக்கும் கிளை ஊரின் மேற்கு விளிம்பில் இருக்கிறது. சைக்கிள் வாங்குவதற்குச் சில மாதம் முன்னால் ஒரு பெரியவர் வந்தார். வெள்ளைத் தொப்பி, வேட்டி. வீட்டோடு ஒரு அறை கட்டி டீக்கடை வைக்கக் கடன் வேண்டும் என்றார். இங்கே நிலத்துக்கு ஜாதகம் 'சாத்-பாரா' என்கிற 7/12 பத்திரம். யார் பேரில் நிலம், யாருக்கு என்ன உரிமை, என்ன பயிர் என்று எல்லாம் அதில் இருக்கும். அதைக் கேட்டேன். வீடு இருக்கும் இடம் தன் பேரில் இல்லை என்றார். தாத்தா காலத்திலிருந்து இருக்கிறோம் என்றார். எந்த ஊர் என்றேன். ஏரிக்கரையில் ஒரு பெயர் சொன்னார். பேர் இல்லாத இடத்துக்குக் கடன் கிடையாது என்று சொல்லிவிட்டு, தலை நிமிராமல் அடுத்த பைலை எடுத்தேன். அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ராம் ராம் சாகேப்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விதிப்படி நான் செய்தது சரி. இன்று வந்தாலும் அதே பதில்தான் சொல்லமுடியும். ஆனால் அவர் வீட்டுப் பெண்கள் சுய உதவிக் குழுவில் சேர்ந்தால் நிலமே கேட்காமல் கடன் கிடைக்கும் என்று சொல்லியிருக்கலாம். உட்காரச் சொல்லியிருக்கலாம். நூறு வருஷத்துக்கு முன்னால் நஷ்டஈட்டுப் பட்டியலில் எந்தப் பெயர் ஏறியது, எந்தப் பெயர் ஏறவில்லை என்பதன் வால்தான் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றிருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. சாகுகார் உட்கார்ந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். இப்போது ஏரிக்கரை ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் உட்காரச் சொல்கிறேன். குழுக்கடன் விவரத்தை மராத்தியில் அச்சடித்து மேஜை மேலேயே வைத்திருக்கிறேன். இதுவரை மூன்று குழுக்கள் தொடங்கியிருக்கின்றன. அந்தப் பெரியவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு டீக்கடையிலும் வெள்ளைத் தொப்பி தெரிகிறதா என்று பார்க்கிறேன்.

சைக்கிளில் போக ஆசைப்படுகிறவர்களுக்கு: அக்டோபர் முதல் பிப்ரவரிவரை நல்ல காலம். ஆகஸ்டில் அழகு அதிகம், சேறும் அதிகம், பிரேக் பிடிக்காது. மெல்லிய ரேஸ் டயர் சரளையில் தாங்காது, அகல டயர் வேண்டும். பஞ்சர் சாமான், இரண்டு பாட்டில் தண்ணீர் கண்டிப்பாகக் கொண்டுபோங்கள். பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. ஏரியில் இறங்காதீர்கள், ஆழம் திடீரென்று வரும். பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். டீ எங்கே கிடைத்தாலும் குடியுங்கள், பேரம் பேசாதீர்கள்.

மே மாதம் போனால் தண்ணீருக்குள் இறங்கிப் போகிற அந்தப் பழைய பாதையைப் பார்க்கலாம். போன மே மாதம் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது அவள் பத்தாவது. பாதை முடிகிற இடத்தில் நின்று முழுக்கதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்பா, இதை எங்க டீச்சர்கிட்ட சொல்லட்டுமா?" என்றாள்.

இந்த முறை தைரியமாகச் சொல்லலாம் என்றேன்.